ஓரப்பார்வையின் வாசகன்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. வயது முப்பத்தொன்று. வீட்டில் அப்பாவும் தம்பியும். இணையத்தில் மட்டும் அவளுக்கு வேறு பெயர்: ஓரப்பார்வை. அந்தப் பெயரில் ஆறு வருடங்களாக யாவோய் மங்காவைப் பற்றி எழுதிவந்தாள். ஆணும் ஆணும் காதலிக்கும் ஜப்பானியப் படக்கதைகள். பெரும்பாலும் பெண்கள் வரைந்து பெண்கள் படிப்பவை.

அவள் எழுத்தில் தயவு தாட்சண்யம் இருக்காது. அந்தக் கதைகளில் முந்துகிறவனுக்கு ‘செமே’, இணங்குகிறவனுக்கு ‘உகே’ என்று பெயர். “உயரமானவன் செமே, அழுமூஞ்சி உகே. புருஷன் பெண்டாட்டி வேஷத்தை இரண்டு ஆண்களுக்குப் போட்டுவிட்டால் காதலாகிவிடுமா?” என்று கேட்பாள். முத்தத்தோடு நிற்கும் கதைகளை ‘ஷோனென் ஐ’ என்று தனியே பிரிப்பதும் பிடிக்காது. “மென்மைக்கு ஒரு டப்பா, ஆசைக்கு ஒரு டப்பா. மனிதனுக்கு இரண்டும் ஒரே உடம்பில்தானே?”

ஒரு புதன்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னூட்டங்களைப் படித்தாள். பெயரில்லாத ஒருவன் எழுதியிருந்தான்.

“நாலு வருஷமா உங்களைப் படிக்கிறேன். நீங்க ஒருத்தர்தான் எங்களை மனுஷங்களா பார்க்கறீங்க. எங்க வீட்லயும் ஒரு அக்கா இருக்கா. ஞாயித்துக்கிழமை சித்தி என் நடையைப் பார்த்துட்டு, ‘லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு இடுப்பு ஏன் இப்படி ஆடுது’ன்னாங்க. அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. கல்யாணமும் பேசி முடிச்சிட்டாங்க. இனிமே முடியாது. இன்னைக்கே கிளம்பறேன். உங்களுக்கு மட்டும் சொல்லணும்னு தோணுச்சு.”

லிஃப்ட் வேலை, சித்தி, ஞாயிற்றுக்கிழமை. எழுதியிருப்பது அவள் தம்பி. சிரித்தவள் அவள்தான்.

முதலாளியிடம் சொல்லக்கூட இல்லை, ஓடினாள். தம்பியின் அலமாரியில் பாதி காலி. போன் அணைந்திருந்தது. லிஃப்ட் கம்பெனி மேஸ்திரி, “காலையிலயே சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டான்மா” என்றார். பஸ் நிலையத்தில் அவன் படத்தைக் காட்டிக் காட்டித் தொண்டை வற்றியது. எங்கே போய் என்ன செய்துகொள்வானோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் வேகமாக நடந்தாள்.

கடைசியில் அவன் பின்னூட்டத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்க, எழுதினாள்: “சிரிச்ச அக்கா நான்தான்டா. ஒருதடவை பேசு.”

தம்பி பேசவில்லை. சித்தி மகள்தான் அதைப் படித்து அப்பாவிடம் காட்டினாள்.

“அந்தக் கண்றாவியெல்லாம் எழுதுறது நீயா? அவனைக் கெடுத்ததே நீதான்” என்றார் அப்பா.

“நான் கெடுக்கலப்பா. கூடவே இருந்தும் அவனைப் பார்க்கல. அதுதான் என் தப்பு.”

அன்றோடு அப்பா அவளிடம் பேச்சை நிறுத்தினார். பெண் வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள்.

பத்தொன்பதாம் நாள், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“நான்தான். உயிரோடதான் இருக்கேன்.”

“எங்கடா இருக்க?” என்றாள்.

“ஓரப்பார்வை நீதான்னு தெரிஞ்சதும் வாந்தியே வந்துச்சு. படத்துல இருக்கறவனுக்காகப் பக்கம் பக்கமா எழுதுவ. பக்கத்து ரூம்ல இருக்கறவனைப் பார்த்துச் சிரிப்ப. என்ன ஜென்மம் நீ?”

“திட்டு. எவ்வளவு வேணா திட்டு. வச்சிடாத.”

திட்டினான். நடுவில் அழுதான். எங்கே இருக்கிறான் என்று மட்டும் சொல்லவில்லை.

“மறுபடி கூப்பிடுவியா?”

“தெரியல.”

துண்டித்துவிட்டான். அவள் உடனே திருப்பி அழைத்தாள். எடுத்தது ஒரு கடைக்காரர். “யாரோ போன் கேட்டாங்க, கொடுத்தேன். போயிட்டாரேம்மா” என்றார். எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டு, மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். அந்த ஊரில் லிஃப்ட் உள்ள கட்டடங்கள் எத்தனை என்பதுகூட அவளுக்குத் தெரியாது.