உட்காரவைக்கத் தெரிந்தவள்

பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் சக்கர நாற்காலியும் பேட்டரி ஸ்கூட்டரும் வாடகைக்கு விடுகிறவளை நாங்கள் வண்டியக்கா என்போம். நான் பக்கத்துக் கவுன்டரில் லாக்கர் சாவி கொடுப்பவள். ஒன்பது வருஷமாக அவள் படும் பாட்டைப் பார்த்து எனக்குத்தான் வயிறெரிகிறது. அவள் வாயே திறக்கமாட்டாள்.

அவள் கணவர் முதுகுத்தண்டில் அடிபட்டு, மூன்றாவது மாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். காலையில் துடைத்து, ஊட்டிவிட்டு வருவாள். மறுபடி அவரைத் திருப்பிப் படுக்கவைப்பது சாயங்காலம் ஏழு மணிக்குத்தான். ஊரில் உள்ளவர்களையெல்லாம் இவள் சக்கரத்தில் ஏற்றி அனுப்புவாளாம், வீட்டு மனுஷன் முதுகெல்லாம் புண்ணாகிக் கிடப்பாராம். என்ன நியாயம் இது?

போன மாதம் பூங்காவின் டவுன் டிக்கெட் ஆபீசில் ஓர் இடம் காலியானது. அவள் வீட்டிலிருந்து இரண்டே தெரு. மதியம் ஓடிப்போய் அவரைத் திருப்பிப் போட்டுவிட்டு வரலாம். எழுதிப் போட்டாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேனேஜர் வரச்சொன்னார்.

அன்று காலை ஒரு பெரியவர் மகளோடு வந்தார். பத்தடிக்கு ஒருதரம் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினார். மகள் நாற்காலி கேட்டதுதான் தாமதம், எரிந்து விழுந்தார்.

"நான் என்ன நோயாளியா? வேணும்னா நீ உட்காரு!"

வண்டியக்கா பதறவே இல்லை. "உங்களுக்கு எதுக்குங்கய்யா வண்டி? பை கனமா இருக்கே, இதுல வச்சுத் தள்ளிட்டுப் போங்க" என்றாள்.

தள்ளினால் கைக்குப் பிடிமானம் கிடைக்கும். அரை மணி நேரத்தில் பை மகள் தோளுக்குப் போகும், ஆள் நாற்காலிக்கு வருவார். யார் மானமும் போகாது. இந்த வித்தை அவளுக்கு மட்டும்தான் கைவந்தது.

மூன்றரைக்கு அவர் நாற்காலியிலேயே திரும்பினார், முகமெல்லாம் பல்லாக. அவள் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா மனசறிஞ்சு நடந்துக்கிட்டாங்க. மேனேஜர்கிட்ட சொல்லணும். ரூம் எங்கம்மா?"

நாலு மணிக்கு முன்னால் இவர் நல்ல வார்த்தை சொன்னால் அவளுக்கு வேலை உறுதி என்று நினைத்து, நானே எழுந்து வழி காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலே காலுக்கு அவள் திரும்பி வந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"கிடைக்கலடி. யாரோ ஒரு பெரியவர் வந்து, இந்தம்மாவை வாசலை விட்டு மாத்தவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாராம். இப்படிப்பட்ட ஆளை டிக்கெட் கிழிக்க அனுப்ப முடியாதுங்கறார் மேனேஜர். பாராட்டிக் கையெல்லாம் குலுக்கினார்."

"நீ எதுவும் சொல்லலியா?"

"நன்றி சார்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?" நாற்காலி ஒன்றை மடக்கி ஓரமாக வைத்தாள். "திங்கக்கிழமையிலேர்ந்து மத்தியானம் வந்துடுவேன்னு வீட்ல அவர்கிட்ட காலையிலதான்டி சொல்லிட்டு வந்தேன்."

பிறகு, "அந்தப் பெரியவருக்கு மேனேஜர் ரூம் எப்படித்தான் தெரிஞ்சுதோ" என்றாள்.

நான் லாக்கர் சாவிகளை எண்ண ஆரம்பித்தேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.