தைத்த வயிறும் பெரிய வீட்டுப் பந்தியும்

டெட்ராய்ட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை கேன்டீனில், பாதி ரொட்டியைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்தால் எனக்குக் கை தட்டுகிறார்கள். "குட் ஃபார் யூ!" என்று முதுகில் ஒரு தட்டு வேறு. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையின் மேற்பகுதியை உலோகப் பின்களால் வரிசையாகத் தைத்து, கோழிமுட்டை அளவுக்கு ஒரு பை செய்துவிட்டார்கள். மூன்று வாய் மென்று விழுங்கினால் நிறைந்துவிடும். நான்காவது வாய் நெஞ்சில் கல்லாக நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பும். சர்க்கரையும் மூச்சிரைப்பும் கட்டுக்குள் வந்தன, உடம்பு பாதியாகிவிட்டது. செத்திருக்க வேண்டியவன் பிழைத்துக்கொண்டேன், அதை மறுக்கவில்லை. ஆனாலும் சோற்றை மிச்சம் வைத்ததற்குப் பாராட்டு வாங்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆபரேஷனுக்கு முன்பு நடுங்கித்தான் போனேன். மயக்க மருந்திலிருந்து எழுந்திருப்பேனா, தையல் பிரிந்தால் என்ன ஆகும், இனி ஒரு வாய் கறிச்சோற்றை நிம்மதியாகத் தின்ன முடியுமா என்று ஆயிரம் கேள்விகள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லித்தர ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். "பசி அடங்கிய பிறகும் ஏன் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாள். "எங்கள் வீட்டில் யாரும் மிச்சம் வைத்ததில்லை" என்றேன். "உங்கள் அம்மா அவ்வளவு அருமையாகச் சமைப்பாரா?" என்று சிரித்தாள். அவளுக்கு என்னவென்று சொல்வது? சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் என் அப்பா கூலி. நிலம் பெரிய வீட்டாருடையது. அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு, கொல்லைப்புறத்தில் தூக்குச்சட்டியோடு நிற்போம். அண்டாவின் அடியில் தீய்ந்ததைச் சுரண்டி, மேலே படாமல் தூக்கிப் போடுவார்கள். அதற்கும் கும்பிடு போட வேண்டும். பிறகு நான் படித்து, வேலை கிடைத்து, கப்பல் மாதிரி காரில் போகிற ஊருக்கு வந்தேன். தட்டில் சோறு இருக்கும்வரை என்னால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான் என் நோய். இதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டேன்.

மறுவருடம் ஊருக்குப் போனேன். ஊர் பஸ்ஸுக்கு மாற காளவாசலில் இறங்கியதுமே பழைய கூட்டாளி ஒருத்தன் பதறினான். "என்ன மாப்ள, இம்புட்டு எளைச்சுட்ட? அங்க சோறு போடலையா?" வீட்டில் அப்பாவும் அதையே கேட்டார். வேலை அதிகம் என்று மழுப்பினேன். பாதி ஆயுளைப் பட்டினியில் கழித்த மனுஷனிடம், தின்று கொழுத்து வயிற்றைத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாரமே பெரிய வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. பேரனை அமெரிக்காவுக்கு அனுப்ப வழி கேட்க வேண்டும் அவர்களுக்கு. எனக்கு முதல் பந்தியில் இடமாம். போகவே பிடிக்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, அந்த வீட்டு மொதப் பந்தியில நீ உக்காந்து, இலைய முழுசாத் தின்னுட்டு எந்திரிக்கணும். நான் அதக் கண்ணால பாத்துரணும்."

போனோம். என்னை "வாங்க தம்பி" என்று கையைப் பிடித்து உட்காரவைத்த பெரியவர், பின்னால் வந்த அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அப்பாவுக்கும் இலை போடுங்க" என்றேன். "கருப்பன் அப்புறமாச் சாப்புடுவான், நீங்க சாப்புடுங்க" என்றார். எழுபது வயதுக் கிழவர் அவருக்கு இன்னும் அவன்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவோ வாசலிலிருந்து தின்னு, தின்னு என்று கையால் ஜாடை காட்டுகிறார். அந்த முகத்துக்காக அள்ளிப் போட்டேன். கோபத்தில் மெல்ல மறந்தேன். நெஞ்சில் கல் நின்றது. மேலே சாம்பாரை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். வாயில் எச்சில் ஊறி, கண்ணில் நீர் முட்டி, இனி ஒரு நொடி இருந்தால் பந்தியிலேயே வாந்திதான். சோறு குவிந்து கிடந்த இலையை அப்படியே மடித்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறினேன். பந்தியின் நடுவில் எழுந்தால் எங்கள் பக்கம் அதைவிட அவமரியாதை கிடையாது. "அமெரிக்கா போனதும் எங்க சோறு எறங்கலையோ?" என்று பெரியவர் கத்தியது தெருவரை கேட்டது.

நான் வரப்போரம் வாந்தி எடுத்துவிட்டு வீடு வருவதற்குள், எங்கள் தெருவில் நான் வீரனாகிவிட்டிருந்தேன். அப்பனை வாசலில் நிறுத்தியவன் வீட்டு இலையை மகன் மடித்துப் போட்டுவிட்டான் என்று ஒரே பேச்சு. மறுநாள் எனக்கு விருந்தாம், கிடா வெட்டாம். என் கோபம் நிஜம். ஆனால் என்னை எழுப்பியது தையல். அந்தக் கோபத்தைக்கூட முழுசாக என்னுடையது என்று சொல்ல இந்த வயிறு விடவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அப்பாவிடம் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"வயித்தச் சுருக்க ஆசுபத்திரி வேற இருக்கா? எங்களுக்கெல்லாம் அது தானாச் சுருங்குச்சு." என் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "இத வெளிய சொல்லிராத. நீ கோவத்துல எந்திரிச்சதாவே இருக்கட்டும்."

மறுநாள் தெருவே கூடி உட்கார்ந்தது. என் இலையில் கறியும் சோறும் மலையாக விழுந்தன. அவரவர் வீட்டு அரிசி, அவரவர் வீட்டு மிளகாய். இந்த இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் நான் இவர்களுக்கு யாரோ ஆகிவிடுவேன். மூன்று வாய் முடிந்தது. அமெரிக்கக்காரன் தைத்த வயிறு அதற்குமேல் ஒன்றும் வாங்காது என்றது. எல்லாக் கண்களும் என்மேல்தான் இருந்தன. பக்கத்து இலையில் இருந்த அப்பா, கதை பேசிக்கொண்டே, என் இலைக்குக் கையை நீட்டி ஒரு கவளம் எடுத்தார். பிறகு இன்னொன்று. "எம்மகன் இலையில திங்கிறதுக்கு எனக்கென்னப்பா கூச்சம்?" என்று ஊருக்குக் கேட்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு வயிறு எப்போதோ நிறைந்திருக்கும். இடது கையால் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, என் இலையைக் கடைசிப் பருக்கைவரை அவரே தின்று முடித்தார்.