உள்ளே மடித்த துணி

தையல்காரரின் தங்கை பன்னிரண்டு வருடங்களாக ஓர் ஆய்வகத்தில் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறாள். அணுக்களை எண்ணி எண்ணிக் கண்ணாடி தடித்ததுதான் மிச்சம் என்று அவளே சிரிப்பாள். அண்ணனுக்கோ பெருமை தாங்காது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தங்கை புராணம்தான். பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் தனக்கும் அந்த நோய் என்று தெரிந்ததும், அதை நம்பித்தான் அவளுடைய மருந்துச் சோதனையில் சேர்ந்தார்.

அதில் பாதிப் பேருக்குப் பழைய மருந்தோடு புது மருந்தும் உண்டு. மீதிப் பேருக்குப் பழையது மட்டும்தான். யாருக்கு எது என்பது ரகசியம்.

நான்காம் மாதம் இஸ்திரிக்காரர் இரண்டாம் முறையாகச் சட்டையைப் பிடித்துச் சிறிதாக்கித் தரச் சொன்னார். நாற்பது அங்குல மார்பு முப்பத்தாறுக்கு வந்திருந்தது. தையல்காரர் அன்றே ஆய்வகத்துக்குப் போனார்.

"அவனுக்கு எதும்மா குடுக்கறாங்க? அண்ணன்கிட்ட மட்டும் சொல்லு."

"எனக்கே தெரியாதுண்ணா. நம்பர் போட்ட ரத்தக் குப்பிதான் எனக்கு வரும். அவர் ரத்தம் எதுன்னுகூடத் தெரியாது."

"இளைச்சுக்கிட்டே போறானேம்மா!"

"புது மருந்து சாப்பிட்டாலும் இளைக்கும்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாலு நம்பரோட ரத்தம் மோசமாயிட்டே வருது. பாக்கத்தான் முடியுதுண்ணா."

மாலையில் இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி என்ன சொல்லுச்சு?"

"அவளுக்கே தெரியாதாம்பா."

"இதுக்கா இவ்வளவு பீத்திக்கிட்ட?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தையல்காரர் கத்தரியை எடுக்கவில்லை. உடம்பு தேறினால் பிரித்துவிடலாம் என்று நான்கு அங்குலத்தையும் உள்ளே மடித்தே தைத்தார்.