வீட்டிலேயே வாத்தியார்

என் மகளுக்குக் காது கேட்காது என்பதை ஒரு பித்தளைக் குண்டான்தான் எனக்குச் சொன்னது. பரணிலிருந்து அது அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி துள்ளிக் குதித்தாள். மூன்று வயதுக் குழந்தையோ திரும்பிக்கூடப் பார்க்காமல் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்நேரமும் கடல் எரைஞ்சிகினே கீது, புள்ளைக்கு சத்தம் பழகிப்போச்சு. அதான் திரும்பல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பத்தானே ஆசை. அப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

என் கணவர் அதே ஊரின் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். ஊரே வாத்தியார் என்று கூப்பிட்டதால் நானும் மனசுக்குள் அவரை அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். கடைசியில் மதராஸில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, காது கேளாத பிள்ளைகளுக்கு உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று அங்கே இருப்பதாகச் சொன்னார். அப்படிக் கற்றுக்கொடுக்க வாத்தியார்களுக்குத் தனியாக ஒரு பயிற்சியும் இருக்கிறதாம். பிள்ளையை விட்டுப் பிரிய எனக்கு மனசில்லை. வாத்தியாரோ, "நானே படிச்சிட்டு வந்து சொல்லித் தரேன்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

படிக்க வழி வேண்டுமே. சம்பளமில்லாத லீவில் இரண்டு வருஷம் மதராஸில் யார் சோறு போடுவார்கள்? செங்கல்பட்டில் ஒரு ரைஸ் மில் முதலாளி ஏழைப் பையன்களைப் படிக்கவைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். "ஊமைப் பசங்களுக்குப் பேச்சு சொல்லித்தர ஒரு படிப்பா? என் புள்ள நல்லாத்தான் பேசறான், அவனே உருப்படல" என்று முதலாளி சிரித்தாராம். ஒரு பாதிரியாரைப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் அவர்களிடம் இருந்த உதவி அவர்கள் பள்ளி வாத்தியார்களுக்கு மட்டும்தான். அலையாய் அலைந்த பிறகு சர்க்கார் உதவித்தொகை ஒன்று கிடைத்தது. தங்கவும் சாப்பிடவும் சரியாக இருக்கும். வீட்டுக்கு மிச்சம் வராது. எருமைப்பால் விற்று நான் சமாளித்துக்கொள்வேன் என்றேன்.

அதற்கு ஒரு பத்திரம் எழுதிக்கொடுக்கவேண்டும். படித்து முடித்ததும் ஐந்து வருஷம் இந்த ஜில்லாவிலேயே, சொல்லுகிற இடத்தில் வேலை பார்க்கவேண்டும். மீறினால் ஜாமீன் போட்டவரின் நிலத்துக்கு வந்து நிற்பார்கள். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் இருந்த என் அண்ணன்தான் தன் ஒரே காணியை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தை அவர் உரக்கப் படித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இந்த ஜில்லாவை விட்டு எங்கயும் போகக் கூடாதாம், மாப்ள! வேற இன்னா வேணும்? வூட்டுப் பக்கத்துலயே வேலைன்னு அவனே எழுதிக் குடுக்கறான்."

எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நான் பாயசம் வைத்தேன். இந்த ஜில்லாவில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமாவது இருக்கிறதா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் தேறி வந்தபோது மகளுக்கு ஏழு வயது. அவரை ஜில்லாவின் தெற்குக் கோடியில், கடப்பாக்கத்தில், சாதாரணப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். ஒரே வாத்தியார், ஒரே அறை, மீன்வாடை, நிறையப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் காது நன்றாகக் கேட்டது. மாமியார் பாயும் படுக்கையுமாகக் கிடந்ததால் நாங்கள் கூடப் போக முடியவில்லை. கரையோரமாகப் போகலாம் என்றால் குறுக்கே பாலாறு. பஸ் மாறிச் சுற்றி வரவேண்டும். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார்.

அந்த ஒரு பகலில் கண்ணாடி முன்னால் அவளை உட்காரவைப்பார். அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வார். உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து "ப" என்பார். காகிதம் ஆடினால் அவளுக்கு ஒரே குஷி. அடுத்த சனிக்கிழமைக்குள் பாதி மறந்திருக்கும். மாசக்கணக்கில் பாடுபட்டு "ம்மா" என்று சொல்லவைத்தார். என்னைப் பார்த்துச் சொன்னாள். எருமையைப் பார்த்தும் அதையே சொன்னாள். சிரித்தேன், பிறகு கொல்லைக்குப் போய் அழுதேன். இது தினமும், நாள் பூராவும் செய்யவேண்டிய வேலை என்று அவரே சொல்வார்.

ஒன்பது வயது தாண்டினால் மதராஸ் பள்ளியில் புதிதாகச் சேர்க்கமாட்டார்கள். விடுதிச் செலவு எங்கள் சம்பளத்துக்குக் கட்டாது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இடம் உண்டு என்று தெரிந்து, அவளுக்கு எண்ணெய் தடவித் தலைபின்னி அழைத்துக்கொண்டு போனோம். அதைக் கவனிக்கிற குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. இது சொல்லித்தர ஆளே இல்லாத புள்ளைங்களுக்கு. உங்க வூட்லயே வாத்தியார் கீறாரு. அதுவும் சர்க்கார் செலவுல படிச்சவரு."

"அவரு கடப்பாக்கத்துல கீறாருங்க. புள்ள எங்கூட கீது" என்றேன்.

"அது டிரான்ஸ்பர் விஷயம். அதுக்கு வேற ஆபீஸ்."

வாத்தியார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இந்த மனுஷன் படிக்காமலே இருந்திருந்தால் என் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்குமே என்று நினைத்துக்கொண்டே நானும் எழுந்தேன்.

வெளியே வரும்போது அவருக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் எதிரே வந்தார். "பேசாம இங்கயே வேலைக்கு வந்துடுப்பா. வேலை பாக்கறவங்க புள்ளைக்கு எப்பவும் இடம் உண்டு" என்றார். மதராஸ் வேறு ஜில்லா, போனால் பத்திரம் முறியும். மறுநாளே நான் அண்ணனிடம் போய் நின்றேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"காணி போனா நான் இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு" என்றார் அண்ணன். அவருடைய இரண்டு பெண்களும் கல்யாணத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த வீட்டில் வெகுநாள் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஒன்பது போயிற்று, பத்து போயிற்று. ஐந்து வருஷம் முடிந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டு வேலை எல்லாம் செய்வாள். கண்ணாடி முன்னால் உட்காரச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். வாத்தியாரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

ஒருநாள் அண்ணன் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு வந்தார். ரத்தான பத்திரம் கையில் இருந்தது.

"மாப்ள, காணி தப்பிச்சிது!" என்று அவரைக் கட்டிக்கொண்டார். வாத்தியாரும் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து அவளும் சிரித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மகள் உள்ளே வந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்ன விஷயம் என்று என்னிடம் கையால் கேட்டாள். அதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள்.