நத்தைக்கு விழுந்த பெயர்

அக்கா எப்போதும் வலது கண்ணால்தான் நுண்ணோக்கியைப் பார்ப்பாள். அந்த வாரம் மட்டும் இடது கண்ணால் பார்த்தாள். வலது கண் இமை வீங்கி மூடிக் கிடந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். அவள் வீட்டுக் கதவு மோதிரம் போட்டிருக்கும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடது கண்ணால்தான் அவள் அந்த நத்தையைக் கண்டெடுத்தாள்.

மதுரைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா. ஆராய்ச்சிக் கப்பல் ஆழ்கடலில் அள்ளிய சேறு சின்னச் சின்னப் புட்டிகளில் எங்களுக்கு வரும். பழைய ஒற்றைக்குழல் நுண்ணோக்கியடியில் வைத்துத் தூரிகை நுனியால் அதைக் கிளறுவாள். கசகசா அளவுகூட இல்லை அந்த நத்தை. கண்ணாடி போன்ற ஓடு, வலப்பக்கம் சுழலும் புரிகள். வெளியே நீட்டிய தலையில் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? "ஏ, இங்க வாடி! இதுக்கு இன்னும் பேரே கெடையாது" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவள் கணவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சேறு அள்ளும் கப்பலிலேயே போக அவளுக்கு ஒருமுறை வாய்ப்பு வந்தது. "ஆம்பளைக கூடக் கப்பல்ல போயி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டவன் அவன். கல்யாணமான கையோடு அவளுடைய அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுத் தன் பெயரைச் சேர்க்க வைத்தான். அதுவும் ஒற்றை எழுத்தாக இல்லை, முழுப் பெயராக, அவள் பெயருக்குப் பின்னால். அவளுடைய கட்டுரைகள் எல்லாம் அப்படித்தான் அச்சாயின.

நத்தையின் ஒவ்வொரு புரியையும் அளந்து, வரைந்து, விவரித்து எழுதி முடிக்கும் தறுவாயில் அவளுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. அவளோடு கடிதத் தொடர்பிலிருந்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர் மீதி வேலையை ஏற்றுக்கொண்டார். எங்கள் துறையில் தன் பெயரைத் தானே ஒரு உயிருக்கு வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. அடுத்தவர்தான் வைக்க வேண்டும். உன் பெயரையே வைக்கிறேன் என்று அந்த நல்ல மனிதர் எழுதியிருந்தார். அக்கா அழுதுவிட்டாள். "எங்கம்மா எனக்கு வச்ச பேருடி. இம்புட்டு வருசத்துல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நான் போனாலும் அது நிக்கும்ல?"

கட்டுரை வெளியான அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து போனில் நான்தான் திறந்தேன். கடைசியில் நிற்பதுதான் ஆளின் பெயர் என்பது அவர்கள் நாட்டுக் கணக்கு. நம் வீட்டுப் பெண்களின் பெயருக்குப் பின்னால் நிற்பது யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? நத்தைக்கு விழுந்திருந்தது அவள் கணவனின் பெயர், லத்தீன் வால் ஒட்டி. அவள் பெயர் ஒரு எழுத்தாகச் சுருங்கி, நன்றி சொல்லும் வரியில் கிடந்தது. உடனே எழுதி மாற்றச் சொல்வோம் என்றேன். அவளுக்குத் தெரியாத விதியா? "அச்சாயிருச்சுல்ல. இனி யாராலயும் மாத்த முடியாதுடி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவள் போன அன்று சமயநல்லூரில் அவள் வீட்டுத் தெருமுனையிலேயே கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நின்றது. அவள் படம் ஓரத்தில். நடுவில் ஊதிப் பெரிதாக்கிய நத்தை, அதன் கீழே கொட்டை எழுத்தில் அவன் பெயர். வந்தவர்களிடம் எல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தான். என்னையும் விடவில்லை. "பாத்தீகளா டீச்சர்? நம்ம பேரு ஒலகம் பூராம் போயிருச்சு!" மாலையை வைத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

இந்த வருடம் வகுப்பில் அந்த நத்தையைத் திரையில் காட்டினேன். அறிவியல் பெயரைக் கரும்பலகையில் எழுதித்தானே ஆக வேண்டும், எழுதினேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி ஆசையாகக் கேட்டாள்: "தமிழ் பேரு மாதிரி இருக்கே மேடம்! இவருதான் இதைக் கண்டுபுடிச்சாரா?"

"இல்லம்மா" என்றேன். "கண்டுபுடிச்சவள அடிச்ச ஆளு."