சாம்பல் மார்புக் கிளி

நிறத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பிறந்த வீடு சாயப்பட்டறை, புகுந்த வீடு விசைத்தறி. நகரியில் எந்தக் கடையில் எந்தச் சேலையை விரித்தாலும், இது இரண்டாம் துவைப்பில் வெளுக்கும், இது கிழிந்தாலும் வெளுக்காது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதனால்தான் கிளி வாங்கத் திருப்பதிக்குக் கிளம்பிய அன்று கைப்பையில் ஒரு வெள்ளைத் துணியும் சின்ன பாட்டிலில் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டேன். கோழிக்குஞ்சுக்கு ரோஸ் கலர் ஏற்றித் திருவிழாவில் விற்கிறார்கள். கிளிக்கு ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

கிளி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் முக்கால்வாசி திரும்பிவிட்டன, ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். பேச்சுதான் திரும்பவில்லை. சொல் எல்லாம் தலைக்குள் இருக்கிறது, நாக்குதான் ஒத்துழைக்கவில்லை என்றார் டாக்டர். தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகினால் பெரும்பாலும் வந்துவிடும், பழகாமல் விட்டால் இப்படியே நின்றுவிடும் என்றும் சொன்னார்.

முதல் இரண்டு மாதம் முயற்சி செய்தார். பிறகு ஒருநாள் சொந்தக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர் கஷ்டப்பட்டு ஏதோ கேட்டார். வந்தவர் அதைப் புரிந்துகொள்ளக்கூட முயலாமல், காது கேட்காதவரிடம் கத்துவதுபோல, “செரி செரி, ரெஸ்ட் எடு” என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றோடு இவர் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டார். எனக்கு அந்த ஆள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்குக்கூட நான் போகவில்லை.

ஆனால் எங்கள் இருவருக்குள் பேச்சு நிற்கவில்லை. தறி வீட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நாலு தறி ஓடும் கொட்டகையில் காதுக்கு வேலையே இல்லை. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் வாயசைவைப் பார்த்தே பேசுவோம். நூல் அறுந்தது, கரண்ட் பில் வந்தது, மாமியாருக்குக் காய்ச்சல், எல்லாம் வாயசைவுதான். இருபத்தாறு வருடம் நானும் அவரும் எதிரெதிர்த் தறியில் நின்றிருக்கிறோம். மதியம் ஆனால் அவர் தன் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “வாமே, துன்னலாம்” என்பார். மற்ற மூன்று தறி ஓடிக்கொண்டிருக்கும். அவர் உதடு ‘வா’வுக்குத் திறக்கும்போதே நான் தறியை நிறுத்தக் கையை நீட்டியிருப்பேன். பக்கவாதத்தில் அவர் வாயின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. எனக்கு இன்னொரு பக்கம் போதும்.

திருப்பதியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். “வீட்ல பேசறாராம்மா?” என்று அவள் கேட்டாள். “நல்லா பேசறாரு. வாயைத் தெறந்தாலே எனக்குத் தெரிஞ்சிடும், பாதியிலயே பதில் சொல்லிடுவேன்” என்றேன். “சத்தம் வருதா?” என்றாள். “சத்தம் எதுக்கு?” என்றேன். அவள் ஃபைலில் என்னவோ எழுதினாள். என் திறமையைத்தான் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளி யோசனை முழுக்க என்னுடையது. மனிதர்களிடம் பேச வெட்கம் என்றால் கிளியிடம் பேசட்டும், அது சிரிக்காது. அது நாலு சொல் பேசினால் இவருக்கும் ரோஷம் வரும். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு ரகசியமாகக் கூப்பிட்டான். அதை வளர்த்தால் ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வெளிநாட்டு ஜாதிக் கிளி என்றால் பில்லும் பதிவுத் தாளும் கொடுப்பார்கள் என்று விசாரித்து, பயிற்சிக்குப் போன ஒரு நாளிலேயே இவரையும் அழைத்துக்கொண்டு திருப்பதிக் கடைக்குப் போனேன்.

கடைக்குள் நுழைந்ததும் ஒரு மஞ்சள் கிளி என் கண்ணைப் பிடித்தது. தலை மஞ்சள், மார்பு ஆரஞ்சு, இறக்கை ஓரத்தில் பச்சை. எங்கள் அப்பா பட்டறையில் கல்யாணச் சேலைக்கு மட்டும் ஏற்றுகிற மஞ்சள் அது. நான் துணியை நனைத்து, கடைக்காரரைக் கிளியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இறக்கையில் நாலு இழுப்பு இழுத்தேன். அது எங்கள் தறிக் கொட்டகையில்கூடக் கேட்கும்படி கத்தியது. துணி வெள்ளையாகவே இருந்தது.

“ரங்கு காதம்மா, சாயம் இல்ல, அது பொறந்த நெறம்” என்றார் கடைக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசினார். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இத்தனை வருடக் கடையில் கிளியைத் துவைத்துப் பார்த்த முதல் ஆள் நான்தானாம்.

“பேசுமா?” என்று கேட்டேன்.

“இது கத்தும், பேச்சு கம்மி. பேசணும்னா அதைப் பாருங்க” என்று ஒரு மூலையைக் காட்டினார். அங்கே இருந்தது ஒரு மங்கல் பச்சைக் கிளி. நெற்றியும் மார்பும் சாம்பல். நாலு வருடம் துடைத்துத் துடைத்து வெளுத்துப் போன துண்டின் நிறம். விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எனக்கா காது குத்துகிறாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடியும் மஞ்சளிடம் போனேன்.

இவர் அந்த மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் சாம்பல் மார்பை வெளியே எடுத்து ஒரு கட்டையில் விட்டு, தெலுங்கில் “ரா”, வா என்று கூப்பிட்டார். அது அவர் கைக்கு நடந்து போனது. திரும்பக் கட்டையில் விட்டார். இவர் அதைப் பார்த்து உதட்டை அசைத்தார். அது கண்டுகொள்ளவில்லை. மறுபடி அசைத்தார். கிளி முதுகைக் காட்டிக்கொண்டு இறக்கையைக் கோத ஆரம்பித்தது.

“வான்னு கூப்புடறாரு” என்று நான் தூரத்திலிருந்து கடைக்காரருக்குச் சொன்னேன்.

“நாக்குத் தெலுசம்மா” என்றார் அவர், எனக்குத் தெரியும் என்று. “பட்சிக்குத் தெரியணுமே.”

நான் மஞ்சள் கிளியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கட்டைக் குரலில், பழைய பூட்டைத் திறப்பதுபோல, “ரா” என்று ஒரு சத்தம் கேட்டது. கடைக்காரர் குரல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். சாம்பல் மார்பு இவர் மணிக்கட்டில் ஏறி முழங்கை வரைக்கும் போயிருந்தது. புத்தியுள்ள கிளிதான் என்று நினைத்தேன். அது யார் குரல் என்று யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

இவர் என்னைப் பார்த்து உதட்டால் “இது” என்றார். நான் உடனே, “அது இன்னாயா கலரு, சாயம் போன மாதிரி. இத பாரு, எப்டி மின்னுது” என்றேன். இன்னொரு முறை “இது” என்றது உதடு. “வூட்டுக்கு அழகா இருக்கணும்ல” என்று நான் பேசிக்கொண்டே போனேன். இவர் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பி, கடைக்காரரைப் பார்த்து, நெஞ்சிலிருந்து தள்ளி, “இ… து” என்றார்.

“இதேனா சார்? சரே” என்று கடைக்காரர் கூண்டை எடுக்கப் போனார். எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதத்தில் என் வாய் வழியாக வராமல் இவர் சொல் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆதார் நகல் கொடுத்து, கடைக்காரரே ஆன்லைனில் பதிவு போட்டுக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு, ரேணிகுண்டா வழியாக ரயிலில் திரும்பினோம். கூண்டு இவர் மடியில். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எங்கள் ஸ்டேஷன் ஏகாம்பரகுப்பம் வருகிற வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கூண்டை முன்னறையில் இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டினோம். தறிக் கொட்டகை பின்னால். இவர் தறிக்கு ஒரு ஆளைப் போட்டுவிட்டு என் தறியில் நான் நிற்கிறேன். மாத்திரை நேரம் தவறக்கூடாது என்பதால் சரியாகப் பன்னிரண்டரைக்கு இவருக்குச் சோறு போட்டுவிடுவேன். நான் எப்போதோ, நின்றுகொண்டே, கொட்டகையில் சாப்பிட்டுக்கொள்வேன். இவர் ஒரு தரம் என் தட்டு எங்கே என்பதுபோலக் கையைக் காட்டினார். கை முழுதும் தூக்குவதற்குள், “நான் அப்பால துன்னுக்கறேன், நீ துன்னு” என்று சொல்லிவிட்டேன்.

கிளி கொய்யா தின்றது, பச்சை மிளகாய் தின்றது, கூண்டில் விரித்த பேப்பரைக் கிழித்தது. பேச்சு மட்டும் இல்லை. காலையில் பத்து நிமிடம் நான் நின்று, “வணக்கம் சொல்லு, வணக்கம்” என்று சொல்லிக் கொடுப்பேன். அது என் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் உள்ளே வந்தால் இவரும் அதுவும் ஒரே நேரத்தில் கம்மென்று ஆகிவிடுவார்கள், என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர்போல. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“உங்க கிளி ஊமை” என்றேன்.

“எதை ஜாஸ்தி கேக்குதோ அதைத்தான் சொல்லும்மா. டைம் குடுங்க” என்றார்.

“எங்க வூட்ல அது தறிச் சத்தந்தான் கேக்குது.”

“அப்போ தறி மாதிரிதான் பேசும்” என்று சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன். மஞ்சளையே வாங்கியிருக்கலாம் என்று அன்று நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம். இவருக்குச் சோறு போட்டுவிட்டு வந்து தறியில் நின்றுகொண்டிருந்தேன். மணி ஒன்றரை இருக்கும், கரண்ட் போனது. நாலு தறியும் ஒன்றாக நின்றால் காது சற்று நேரம் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு விலகும்போது முன்னறையிலிருந்து குரல் கேட்டது.

“வா… வா… சே. வாமே. துன்னலாம்.”

இவர் குரல்தான். ‘ன்ன’ சரியாக விழவில்லை, நடுவில் மூச்சு வாங்கியது. கையிலிருந்த நூல்கண்டைப் போட்டுவிட்டு ஓடினேன். இவர் கட்டிலில் வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டு கீழே இருந்தது. கிளி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பிறகு மூச்சை இழுத்து, “வா… வா… சே. வாமே. துன்னலாம்” என்றது.

அந்தச் சலிப்பு ‘சே’ உட்பட எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு கிளிக்கு அது மனப்பாடம் ஆக வேண்டுமென்றால் எத்தனை தடவை கேட்டிருக்க வேண்டும்? நாலு தறி ஓடும் சத்தத்தில், எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில், தினமும் இவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். இருபத்தாறு வருடம் அந்தச் சொல்லை நான் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். காதால் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது. இவர் வாயைத் திறக்கும் முன்னே பதில் சொல்லிச் சொல்லி, அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் செய்தவள் நான்தான். சொந்தக்காரர் ஒரு நாள் செய்ததை நான் மாதக்கணக்காகச் செய்திருக்கிறேன்.

இவர் விழித்துக்கொண்டார். கிளி மறுபடி ஒரு தடவை சொன்னது. திருடும்போது பிடிபட்டவர்போல என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, மெல்ல உதட்டைத் திறந்தார். ‘வா’வின் பாதி தெரிவதற்குள் “வரேன்” என்ற பதில் என் தொண்டைக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினேன். கூண்டைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பி, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் வந்துவிடப் போகிறதே என்றிருந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து தானாகத் துடித்தது. நான் அப்படி எதற்கும் பொறுமையாக நின்றதே கிடையாது. கூண்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“வா” என்று கேட்டது. “வா… சே.”

நான் திரும்பவில்லை.

“வாமே. துன்னலாம்.”

காதில் நன்றாகத்தான் விழுந்தது. இருந்தாலும் முதுகைத் திருப்பாமலே, “இன்னாயா சொன்ன? கேக்கல” என்றேன்.

இவர் மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு முறை, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.