காற்றாட வைத்த பாட்டில்

சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தீப்பெட்டி என்று பெயர். நாள் முழுக்க மண்ணெண்ணெய்க்குத் தீ காட்டிப் பார்க்கிற வேலை. குணமும் அப்படித்தான், உரசினால் போதும். கட்டினவன் ஒருமுறை கை ஓங்கினான். கரண்டியால் இரண்டு பல்லைத் தட்டி அனுப்பிவைத்தாள். அப்புறம் அவனும் வரவில்லை, இவளும் தேடவில்லை.

அவளுடைய பதினோராவது வயதில் அம்மா கண்ணெதிரே எரிந்தாள். ஸ்டவ் வெடித்துப் புடவையோடு தோலும் உரிந்து வந்தது. ஏழு வயதுத் தம்பியின் கண்ணை இவள்தான் பொத்தினாள். மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்ததாம். கலந்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது, நாசமாய்ப் போவான்.

கச்சா எண்ணெயை உலையில் காய்ச்சிக் கோபுரத்துக்குள் விட்டால் ஆவியாகி மேலே ஏறும். குட்டைச் சங்கிலி மூலக்கூறுகள் லேசில் கொதிக்கும், லேசில் பற்றும். அவை உச்சிக்குப் போய்ப் பெட்ரோலாகும். நெட்டைச் சங்கிலிகள் கருங்குழம்பாக அடியில் தங்கும். நடுத்தட்டில் இறங்குவது மண்ணெண்ணெய். அதில் ஒட்டிக்கொண்டு வருகிற குட்டைகளை நீராவி விட்டுத் துரத்த வேண்டும். துரத்தாவிட்டால் வீட்டுக்குப் போவது எண்ணெய் இல்லை, எமன். முப்பத்தெட்டு டிகிரிக்குக் கீழே பற்றினால் அவள் கையெழுத்துப் போடமாட்டாள்.

அன்று நாற்பத்தொன்று காட்டியது. போட்டுவிட்டாள்.

கோபுரத்திலிருந்து மாதிரி வந்த பாட்டிலைக் கழுவும்போதுதான் பார்த்தாள், மிச்ச எண்ணெயில் இரண்டு ஈ செத்துக் கிடந்தன. மூடி வந்த பாட்டிலுக்குள் ஈ எப்படிப் போகும்? கோபுரத்து ஆட்களின் பழைய திருட்டுத்தனம் அது. நீராவி மக்கர் பண்ணினால் பாட்டிலைத் திறந்து வெயிலில் காற்றாட வைப்பார்கள். குட்டைகள் பறந்துபோய்ப் பாட்டில் தேறிவிடும். தொட்டியில் இருப்பது அப்படியே இருக்கும். இன்று கோபுரத்தில் வேலை அவள் தம்பிக்கு.

ஓடினாள். டேங்கர் லாரி பாதி நிரம்பியிருந்தது. வால்வை இறுக்கி மூடினாள். லோடிங் மேஸ்திரி அவள் முடியைப் பிடித்து இழுத்து லாரியில் மோதினான். நெற்றி பிளந்தது. அவன் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்தாள்.

"கையெழுத்து நீதானே போட்ட? இப்ப என்ன பேய் பிடிச்சுச்சு?"

"பாட்டிலுக்குப் போட்டேன். லாரிக்குப் போடல."

சத்தம் கேட்டுத் தம்பி வந்தான். லாரி எண்ணெயில் ஒரு தட்டுப் பிடித்து, சுவருக்கு அப்பால் இருந்த தீயணைப்புப் பயிற்சி மணல்குழியில் வைத்தாள். வாசல் காவலாளி உள்ளே போகிறவர்களிடம் பிடுங்கி வைத்திருந்த தீப்பெட்டிகளில் ஒன்றை வாங்கித் தம்பி கையில் திணித்தாள்.

"நல்ல எண்ணெய்னா குச்சி அதுல அணைஞ்சிடும். கிழிச்சுப் போடு."

"அக்கா, என் எண்ணெய் ஏற்கெனவே ரெண்டு தடவை தேறல. மூணாவதும் போனா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

"கிழிடா."

அவன் கிழிக்கவில்லை.

"அக்காவும் தம்பியும் நாடகமா போடுறீங்க?" பின்னாலேயே வந்திருந்த மேஸ்திரி தீப்பெட்டியைப் பிடுங்கிக் குனிந்து குச்சியைக் கிழித்தான். குச்சி தட்டைத் தொடவே இல்லை. அதற்குள் குப்பென்று தீ எழும்பி அவன் மீசையையும் புருவத்தையும் தின்றது. உள்ளங்கைத் தோல் சுருண்டு தொங்கியது. அலறியபடி மணலில் உருண்டான். அவள் பாய்ந்து அவன்மேல் மணலை வாரி இறைத்தாள்.

தம்பி இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவள் அந்தக் கைகளைப் பிய்த்து எடுத்தாள்.

"பாருடா. அன்னிக்கு நான் பொத்தினது தப்பு. இப்ப நல்லா பாரு."

கன்னத்தில் அறைந்தாள். கை வலிக்கும்வரை அறைந்தாள். அவன் தடுக்கவே இல்லை. "அம்மா" என்று மட்டும் சொன்னான்.

மேஸ்திரியை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தன் கையெழுத்தைக் கோடிழுத்து அடித்தாள். நெற்றி ரத்தம் தாளில் சொட்டியது. மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் தம்பியின் பெயரை முழுசாக எழுதினாள். அடித்ததற்குக் காரணம் கேட்ட இடத்தில் அம்மா பெயரை எழுதினாள்.